கெவ் கார்மொடி: வரலாற்றைப் பாட்டில் எழுதியவர்

ஆஸ்திரேலியாவில் ஒரு பாட்டு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதைப் பாடுகிறார்கள். தொழிற்சங்கக் கூட்டங்களில் அது கேட்கும். முன்னாள் பிரதமர் ஒருவரின் நினைவுக் கூட்டத்தில் பாடப்பட்டது. ஓய்வூதிய நிதி விளம்பரத்துக்குக்கூட அதன் மெட்டு பயன்பட்டது. ‘ஃப்ரம் லிட்டில் திங்ஸ் பிக் திங்ஸ் க்ரோ’ என்பது அதன் பெயர். சின்னஞ்சிறியதிலிருந்துதான் பெரியது முளைக்கும் என்று பொருள். இதை இருவர் சேர்ந்து எழுதினார்கள். ஒருவர் பாடகர் பால் கெல்லி, அந்த நாட்டில் வீடுதோறும் தெரிந்த பெயர். இன்னொருவர் பழங்குடிப் பாடகர் கெவ் கார்மொடி. பாட்டு போய்ச் சேர்ந்த இடங்களில் பாதிக்குக்கூட அவர் பெயர் போய்ச் சேரவில்லை.

ஏன் என்று கேட்டால், நிறத்தையும் சந்தையையும் காரணம் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். இரண்டுமே உண்மைதான். ஆனால் அவரது வாழ்க்கையைத் தொடர்ந்து படித்தால், அவரைப் பாடகர் என்று மட்டும் பார்ப்பதே தவறான தொடக்கம் என்று தோன்றுகிறது. அவர் அடிப்படையில் ஒரு வரலாற்றாசிரியர். எழுத்தில் இடம் கிடைக்காதவர்களின் வரலாற்றைச் சொல்ல வாய்மொழியையும் கிட்டாரையும் எடுத்துக்கொண்டவர். எந்தப் பாட்டு எவ்வளவு நீளம், யாரை நோக்கிப் பேசுகிறது, ஏன் வானொலிக்கு ஒத்துவரவில்லை என்பதெல்லாம் இங்கிருந்து பார்த்தால்தான் விளங்குகிறது.

கார்மொடி 1946-இல் வட குயின்ஸ்லாந்தின் கெய்ன்ஸ் நகரில் பிறந்தார். தாய் பழங்குடிப் பெண், தந்தை அயர்லாந்து வம்சாவளி. இந்தத் திருமணம் நடந்த மாநிலத்தை மறந்துவிடக் கூடாது. குயின்ஸ்லாந்தில் 1897-ஆம் ஆண்டிலேயே பழங்குடியினரின் ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் ஒரு சட்டம் வந்துவிட்டது. அவர்கள் எங்கே வாழலாம், யாரிடம் வேலை செய்யலாம், கூலிப் பணம் யார் கையில் இருக்கும் என்பதையெல்லாம் அரசு அதிகாரி தீர்மானித்தார். பழங்குடிப் பெண் வேற்றினத்தவரை மணக்க அனுமதி வாங்க வேண்டும் என்பதும் பின்னர் அதோடு சேர்ந்தது. இப்படி நாலாபுறமும் வேலி போட்ட சட்டத்துக்கு நடுவே அமைந்தது அந்தக் குடும்பம்.

கெவ் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் தெற்கே டார்லிங் டவுன்ஸ் சமவெளிக்கு, டால்பி நகருக்கு மேற்கே இருந்த ஒரு மாட்டுப் பண்ணைக்கு வந்துவிட்டது. பெற்றோருக்கு மாடு ஓட்டும் வேலை. நூற்றுக்கணக்கான மாடுகளைக் குதிரைமேல் இருந்தபடி வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், புல் இருக்கும் இடத்துக்கோ ரயிலடிக்கோ சந்தைக்கோ நடத்திக் கொண்டுபோவார்கள். இதற்கென்றே அரசு ஒதுக்கிய அகன்ற பாதைகள் உண்டு. ‘லாங் பேடக்’ என்று அவற்றைச் சொல்வார்கள். பண்ணையில் புல் தீர்ந்த வறட்சிக் காலத்தில் மந்தைக்கு அந்தப் பாதையோரப் புல்தான் உயிர். இரவானால் நெருப்பு, நெருப்பைச் சுற்றி மாமாக்களும் தாத்தா பாட்டியும் சொல்லும் கதைகள், பாட்டுகள். கார்மொடிக்குக் கிடைத்த முதல் கல்வி அதுதான்.

பத்து வயதில் அது முடிந்தது. அவரையும் அவர் தம்பியையும் அதிகாரிகள் பெற்றோரிடமிருந்து பிரித்து, டூவூம்பா நகரில் இருந்த ஒரு கிறிஸ்தவ விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வெள்ளைச் சமூகத்துக்குள் கரைத்துவிடுவது அன்றைய அரசுகளின் கொள்கை. இப்படி எடுத்துச் செல்லப்பட்டவர்களை ‘திருடப்பட்ட தலைமுறைகள்’ என்கிறார்கள். 1910-க்கும் 1970-க்கும் இடையில் பழங்குடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இப்படிப் பறிபோனார்கள் என்று 1997-இல் வெளிவந்த தேசிய விசாரணை அறிக்கை மதிப்பிட்டது.

டூவூம்பாவைப் பற்றி இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1840-இல்தான் வெள்ளையர்கள் ஆட்டு மந்தைகளோடு டார்லிங் டவுன்ஸில் குடியேறத் தொடங்கினார்கள். மூன்றே ஆண்டுகளில், 1843 செப்டம்பரில், மல்டகெரா என்ற தலைவர் தன் வீரர்களைத் திரட்டி, மலைப்பாதையில் ஏறிவந்த சரக்கு வண்டிகளை மறித்தார். விரட்டிக்கொண்டு வந்த வெள்ளையர்கள் மேல் குன்றின் உச்சியிலிருந்து பாறைகளை உருட்டிவிட்டு அவர்களைத் திருப்பி அனுப்பினார். ஒன் ட்ரீ ஹில் போர் என்று இப்போது சொல்லப்படும் அந்தச் சண்டை நடந்த குன்று டூவூம்பாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தன் மண்ணிலேயே நடந்த எதிர்ப்பை அந்தக் காலப் பாடப்புத்தகங்கள் பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவில்லை. பிற்காலத்தில் கார்மொடி முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் 1830 முதல் 1860 வரையிலான டார்லிங் டவுன்ஸின் வரலாறு. அந்த முப்பது ஆண்டுகளை அவர் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வியப்பில்லை.

ஆனால் ஆய்வுக்கு வருமுன் பதினேழு ஆண்டு உடலுழைப்பு இருந்தது. பள்ளி முடிந்ததும் கார்மொடி திரும்பவும் நாட்டுப்புறத்துக்கே போனார். வெட்டிய ஆட்டுக் கம்பளியை மூட்டையாக அழுத்திக் கட்டும் வேலை, தானிய மூட்டை தூக்கும் வேலை, வெல்டிங் என்று கிடைத்ததைச் செய்தார். கல்யாணம் ஆகி மூன்று மகன்கள். முப்பதுகளில், 1978-இல், டூவூம்பாவில் இருந்த உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த நிறுவனம்தான் பிற்பாடு தெற்கு குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் ஆனது.

அங்கே நடந்த ஒன்றுதான் இந்த வாழ்க்கையின் திருப்பம் என்பேன். அவரால் பல்கலைக்கழகத் தரத்துக்குக் கட்டுரை எழுத முடியவில்லை. எழுத்துப் பழக்கம் கைவரும்வரை தன் ஆய்வை வாய்மொழி வரலாறாக, கிட்டார் வாசித்துப் பாடிச் சமர்ப்பிக்கலாமா என்று வரலாற்றுத் துறையிடம் கேட்டார். ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். நூலகத்தில் தேடிப் படித்ததையும் நெருப்போரம் கேட்டதையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அப்போது வந்தது. குடியேறியவரின் நாட்குறிப்பில் ஒருபக்கம் இருக்கும், தாத்தா சொன்ன கதையில் மறுபக்கம் இருக்கும். இரண்டையும் ஒரு பாட்டில் வைத்தால் எது விடுபட்டிருக்கிறது என்பது கேட்பவருக்குத் தானாகத் தெரிந்துவிடும். கார்மொடியின் நல்ல பாட்டுகள் எல்லாவற்றிலும் இந்த முறை இருக்கிறது.

முதல் இசைத்தொகுப்பு ‘பில்லர்ஸ் ஆஃப் சொசைட்டி’ 1988 டிசம்பரில் வந்தது. அப்போது அவருக்கு வயது 42. பாப் இசை உலகில் பலர் ஓய்வு எடுக்கும் வயது அது. ஆண்டும் சாதாரண ஆண்டு அல்ல. பிரிட்டிஷ் கப்பல்கள் சிட்னி துறைமுகத்துக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைவை ஆஸ்திரேலியா அரசு விழாவாகக் கொண்டாடியது. ஜனவரி 26 அன்று துறைமுகத்தில் பாய்மரக் கப்பல்கள் அணிவகுத்தபோது, பல்லாயிரம் பழங்குடியினரும் அவர்களோடு நின்ற மற்றவர்களும் சிட்னி வீதிகளில் எதிர்ப்பு ஊர்வலம் போனார்கள். போலீஸ் காவலிலும் சிறையிலும் பழங்குடியினர் இறந்துகொண்டிருந்ததை விசாரிக்க அரச ஆணையம் அமைக்கப்பட்டு ஓராண்டு ஆகியிருந்தது. அந்த ஆணையம் 1980 முதல் 1989 மே வரை நிகழ்ந்த 99 சாவுகளை விசாரித்து, 1991-இல் 339 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. ஆணையம் சாட்சி கேட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் கார்மொடியின் தொகுப்பில் ‘பிளாக் டெத்ஸ் இன் கஸ்டடி’ என்ற பாட்டு இருந்தது.

அத்தொகுப்பில் எனக்கு மிக வலுவாகப் படுவது ‘தௌ ஷால்ட் நாட் ஸ்டீல்’. பத்துக் கட்டளைகளில் ஒன்றான ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்பதைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறார். கட்டளையைக் கொண்டுவந்து போதித்தவர்களும் நிலத்தைப் பறித்தவர்களும் ஒரே கப்பலில் வந்தார்கள் என்ற எளிய உண்மையை எடுத்து, வேத வசனத்தை அதைச் சொன்னவர்களிடமே திருப்பிக் கொடுக்கிறது பாட்டு. விடுதிப் பள்ளியில் அதே வசனத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளையால்தான் இப்படி எழுத முடியும். மதத்தை மொத்தமாக உதறித்தள்ளும் குரலும் அல்ல அது. அதே தொகுப்பில் ‘காம்ரேட் ஜீசஸ் கிரைஸ்ட்’ என்றொரு பாட்டு உண்டு. அதில் இயேசு ஏழைகளின் பக்கம் நிற்கும் தோழர், தேவாலய அதிகாரத்துக்கு அந்நியர்.

ரோலிங் ஸ்டோன் இதழின் ஆஸ்திரேலியப் பதிப்பில் விமர்சகர் புரூஸ் எல்டர், பழங்குடி இசைக் கலைஞர் வெளியிட்டவற்றில் இதுவே ஆகச் சிறந்தது என்றும், ஆஸ்திரேலியாவில் உருவான எதிர்ப்புப் பாட்டுத் தொகுப்புகளிலேயே இதை முதலிடத்தில் வைக்கலாம் என்றும் எழுதினார். பாராட்டு வந்தது, விற்பனை அந்த அளவுக்கு வரவில்லை. மூன்று நிமிடத்தில் முடிந்து அடுத்த விளம்பரத்துக்கு வழிவிடும் பாட்டுகள் வணிக வானொலிக்கு வேண்டும். கார்மொடியின் பாட்டுகள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காமல் நிற்பதில்லை.

அவருக்கு முன்னால் யாருமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஆஸ்திரேலிய நாட்டுப்புறப் பாட்டு என்றால் பலருக்கும் நினைவு வருவது வெள்ளை இடையர்களும் நாடோடித் தொழிலாளிகளும் பாடிய புதர்க்காட்டுப் பாட்டுகள். ஆனால் அந்தப் பண்ணைகளில் வேலை செய்தவர்களில் பலர் பழங்குடியினர். அவர்களும் கிட்டார் வாசித்தார்கள், அமெரிக்க கன்ட்ரி இசையைக் கேட்டுத் தங்கள் கதைகளைப் பாடினார்கள். 1960-களில் நியூ சவுத் வேல்ஸின் வில்கேனியா பகுதியில் டகி யங் என்பவர் பாடியவற்றை மானிடவியலாளர் ஜெரமி பெக்கெட் ஒலிப்பதிவு செய்து வைத்தார். பாப் ராண்டல், திருடப்பட்ட குழந்தையின் தாயைப் பற்றிப் பாடினார். கார்மொடியின் முதல் தொகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டில் ஆர்ச்சி ரோச் தன் குழந்தைப் பருவப் பிரிவைப் பாட்டாக்கி நாட்டை உலுக்கினார். கார்மொடி இந்த வரிசையில் வருபவர். வேறுபாடு என்னவென்றால், மற்றவர்கள் பெரும்பாலும் தங்கள் வாழ்வைப் பாடினார்கள். இவர் அதோடு நில உரிமைப் பதிவேட்டையும் சட்டப் புத்தகத்தையும் சேர்த்துப் பாடினார்.

இனி அந்தப் பெரிய பாட்டுக்கு வருவோம். வட பிரதேசத்தில் வேவ் ஹில் என்ற மாட்டுப் பண்ணை இருந்தது. பிரிட்டிஷ் இறைச்சி வணிகக் குடும்பமான வெஸ்டிகளின் கையில் இருந்த பண்ணை அது. குரிஞ்சி இனத்துப் பழங்குடியினர் அங்கே தலைமுறைகளாக வேலை செய்தார்கள். கூலி என்று கிடைத்ததில் பெரும்பகுதி மாவும் சர்க்கரையும் தேயிலையும் இறைச்சியும்தான். 1966 மார்ச்சில் தொழில் நடுவர் ஆணையம் பழங்குடி மாட்டுத் தொழிலாளருக்கும் சம கூலி தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது, ஆனால் அமலாக்கத்தை 1968 டிசம்பர் வரை தள்ளிவைத்தது. அதே 1966 ஆகஸ்ட் 23-ஆம் தேதி வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் சுமார் இருநூறு தொழிலாளர்கள் தங்கள் குடும்பங்களோடு பண்ணையை விட்டு வெளியே நடந்தார்கள். பின்னர் வாட்டி கிரீக் என்ற ஓடைக்கரையில் குடியேறினார்கள்.

வெளியில் இருந்தவர்கள் அதைக் கூலிப் போராட்டம் என்றே நினைத்தார்கள். குரிஞ்சிகள் கேட்டது நிலத்தை. தங்கள் நிலத்தைத் திருப்பித் தரும்படி 1967-இல் ஆளுநர் நாயகத்துக்கு மனு அனுப்பினார்கள், மறுக்கப்பட்டது. அவர்கள் அசையவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1975 ஆகஸ்ட் 16 அன்று, பிரதமர் கஃப் விட்லம் அங்கே வந்து லிங்கியாரியின் உள்ளங்கையில் சிவப்பு மண்ணை அள்ளிப் போட்டார். 3,236 சதுர கிலோமீட்டர் நிலம் குத்தகையாகத் திரும்பக் கிடைத்தது. அந்தக் காட்சியைப் படமெடுத்தவர் மெர்வின் பிஷப் என்ற பழங்குடிப் புகைப்படக் கலைஞர். விழா நிழலில் நடந்ததால் வெளிச்சத்துக்கு வந்து இன்னொருமுறை செய்து காட்டும்படி அவர் கேட்டுக்கொண்டார் என்பதும் பதிவாகியிருக்கிறது. மூன்று மாதம் கழித்து விட்லம் பதவி நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு மால்கம் ஃபிரேசர் ஆட்சியில்தான் வட பிரதேச நில உரிமைச் சட்டம் நிறைவேறியது.

குயின்ஸ்லாந்தில் ஒரு முகாம் பயணத்தின்போது, இரவு நெருப்பின் பக்கத்தில் கெல்லியும் கார்மொடியும் இந்தக் கதையைப் பாட்டாக்கினார்கள். முதலில் 1991-இல் கெல்லியின் தொகுப்பில் வந்தது, 1993-இல் கார்மொடியின் ‘பிளட்லைன்ஸ்’ தொகுப்பிலும். அது முழுக்க முழுக்க ஒரு கதைப்பாடல். இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள், ஒருவரிடம் பணம், மற்றவரிடம் பொறுமை. அவர்களின் உரையாடல் வழியே கதை ஆண்டு ஆண்டாக நகர்ந்து மண் கைமாறும் இடத்தில் முடிகிறது. எதிரியைத் திட்டும் வரி ஒன்றுகூடக் கிடையாது. இருவரில் யார் எதை எழுதினார்கள் என்று பிரித்துப் பார்க்க நான் விரும்பவில்லை. ஆனால் ஒரு வேலைநிறுத்தத்தை ஊர் கூடும் இடத்தில் சொல்லும் கதையாக வடித்திருப்பதில், மாட்டுப் பாதையோரம் வளர்ந்தவரின் கை எனக்குத் தெரிகிறது.

பாட்டு தன் வழியில் போய்விட்டது. அன்றைய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் திருடப்பட்ட தலைமுறைகளிடம் மன்னிப்புக் கேட்ட 2008-இல், இளம் ராப் கலைஞர்களும் பாடகர்களும் அதைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். கெல்லியும் கார்மொடியும் உடன் பாடினார்கள், ஆஸ்திரேலியத் தரவரிசையில் நான்காம் இடம் வரை போனது. 2010-இல் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் சேர்ந்தது. 2014 நவம்பரில் விட்லமுக்குச் சிட்னி நகர மண்டபத்தில் நினைவுக் கூட்டம் நடந்தபோது இருவரும் மேடையேறிப் பாடினார்கள்.

இந்தப் புகழ் கார்மொடியின் மற்ற பாட்டுகளைத் தேடிப் போக ஆட்களைக் கொண்டுவந்திருக்க வேண்டும். ஓரளவுக்குத்தான் வந்தது. அவர் தொழிலை நடத்திய விதமும் இதற்குக் காரணம். சிட்னியிலோ மெல்போர்னிலோ குடியேறவில்லை, தெற்கு குயின்ஸ்லாந்தின் புதர்க்காட்டு நிலத்தில்தான் வாழ்ந்தார். தொகுப்புகளை அவசரப்பட்டு வெளியிடவில்லை. 1990-களின் தொடக்கத்தில் ‘யூலஜி’, 1993-இல் ‘பிளட்லைன்ஸ்’, 1995-இல் ‘தி சர்ச்’ குழுவின் ஸ்டீவ் கில்பியின் தயாரிப்பில் ‘இமேஜஸ் அண்ட் இல்யூஷன்ஸ்’, பிறகு நீண்ட இடைவெளி விட்டு ‘மிரர்ஸ்’. மூட்டுவாதம் விரல்களைப் பிடித்துக்கொண்டதால் மேடைகளும் குறைந்தன. பல ஆண்டு மூட்டை தூக்கி உழைத்த உடம்பு அது. இடையில் 2001-இல் ‘ஒன் நைட் த மூன்’ என்ற படத்துக்கு கெல்லியோடும் மைரீட் ஹேனனோடும் சேர்ந்து இசையமைத்தார். காணாமல்போன மகளைத் தேடும் வெள்ளை விவசாயி, தடம் பார்க்கத் தெரிந்த பழங்குடி மனிதரைத் தன் நிலத்தில் கால்வைக்க விடாமல் தடுப்பதால் நேரும் துயரம்தான் கதை. நிலம் யாருடையது என்ற கேள்வியை இரண்டு பேரும் ஒரே பாட்டில் எதிரெதிராகப் பாடும் இடம் அந்தப் படத்தின் உச்சம்.

அவரை மறதியிலிருந்து இழுத்துவந்ததில் பெரும்பங்கு பால் கெல்லிக்கு உண்டு, அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். 2007-இல் கார்மொடியின் பாட்டுகளைப் பல கலைஞர்களைப் பாடவைத்து ‘கேனாட் பை மை சோல்’ என்ற இரட்டைத் தொகுப்பை அவர் உருவாக்கினார். ஒரு தட்டில் மற்றவர்களின் குரல், இன்னொன்றில் அதே பாட்டுகள் கார்மொடியின் குரலில். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. புகழ்பெற்றவர்களின் குரலுக்காக வாங்குபவர் மூலப் பாடகரைக் கடந்துபோக முடியாது. இரண்டு ஆண்டில், 2009-இல், ஆஸ்திரேலிய ஒலிப்பதிவுத் துறைச் சங்கமான ‘ஏரியா’வின் கௌரவ மன்றத்தில் கார்மொடி சேர்க்கப்பட்டார். 2015-இல், 1960-களிலிருந்து எழுதி வெளியிடாமல் வைத்திருந்த பாட்டுகளையும் சேர்த்து நான்கு குறுந்தகடுகளாக ஒரு தொகுப்பை வெளியிட்டார். 2020-இல் கெல்லி உருவாக்கிய ‘கேனாட் பை மை சோல்’ புதிய தலைமுறைப் பாடகர்களின் பதிவுகளோடு மறுபடி வந்தது.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் புகழ்பெற்ற பாட்டிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ‘ட்ரோவிங் வுமன்’ என்ற நீண்ட கதைப்பாடலை முதலில் கேளுங்கள். கணவனை இழந்த மாடோட்டிப் பெண் தன் வாழ்க்கையைச் சொல்கிறாள். கல்யாணம், பிள்ளைப்பேறு, வறட்சி, சாவு எல்லாம் மந்தையின் நடையிலேயே வருகின்றன. பெற்றோரின் தொழிலைப் பற்றி அவர் எழுதியதில் இதைவிட நெருக்கமானது இல்லை. அடுத்து ‘ரிவர் ஆஃப் டியர்ஸ்’. 1989-இல் போலீஸ் வேறொருவரைத் தேடி விடியலுக்கு முன் ஒரு சிட்னி வீட்டுக்குள் புகுந்தபோது, அங்கே இருந்த பழங்குடி மனிதர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். அந்தச் சாவைப் பற்றிய பாட்டு அது. அதைத் ‘தி ட்ரோன்ஸ்’ ராக் குழு பாடிய பதிவும் உண்டு, ஆனால் கார்மொடியின் பதிவை முதலில் கேட்பது நல்லது. பிறகு ‘தௌ ஷால்ட் நாட் ஸ்டீல்’. இவை மூன்றையும் கேட்டபின் குரிஞ்சிகளின் பாட்டுக்கு வந்தால், எழுதிய இருவரில் இரண்டாமவர் யார் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது.